தக்காளிக்குத்தான் முதலில் மயக்கம்

அன்பு மகன் டீட்ரிக்குக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், எப்போதும் எழுதுகிற வரிதான், ஆனால் இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதியிருக்கிறேன். அங்கே நீயும் மார்லீசும் குட்டிப் பையனும் அப்படியே இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் சோறு தண்ணி இறக்க முடியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் படபடப்பில் எழுதியது என்று நினைத்துக்கொள்.

இந்த ஞாயிறு மாலை ஃபாஸ்பா, அதுதான் ஊர் கூடிக் காப்பி குடிக்கிற விருந்து, நம் வீட்டு முறை. இந்தப் பனி மாதத்தில் ஊரில் பச்சையாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் நம் பசுமைக்குடிலுக்குத்தான் வரவேண்டும், அதனால் வழக்கம்போல் நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே மேசை போட்டு, பன்னும் பாலாடைக்கட்டியும் ஜாமும் காப்பியும் அங்கேயே வைப்பதாக ஏற்பாடு. போன வருஷம் போதகர் மனைவி கழுத்தில் குளிர்காற்று அடிக்கிறது என்று சொன்னாளாம், அதை உன் அப்பா மனதிலேயே வைத்திருந்திருக்கிறார். கூரையிலிருந்து தொங்குகிற கேஸ் ஹீட்டருக்குக் காற்று வருவதற்காகச் சுவரில் விட்டிருக்கும் துவாரம் தெரியுமல்லவா, ஒரு வாரம் முன்பே அதற்குள் பழைய பஞ்சுப் போர்வையைத் திணித்து மேலே டேப்பையும் ஒட்டிவிட்டார். என்னிடம் பெருமை வேறு, “இனிமே அந்தம்மா கழுத்து வேர்க்குது பாரு சூசி” என்று.

அந்த வாரம் முழுக்க உன் தங்கை எல்வீராவுக்குத் தலைவலி. மாசமாக இருப்பவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காலையில் நாற்றுக்குத் தண்ணீர் விட வருவாள், மதியம் தலையைப் பிடித்துக்கொண்டு போவாள், தன் வீட்டுக்குப் போனதும் சரியாகிவிடும். இதற்கு நடுவே தக்காளி நாற்றும் ஒரு மாதிரி ஆனது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது, இலைகளோ கீழ்ப்பக்கம் சுருண்டு தொங்குகின்றன, அதுவும் ஹீட்டர் பக்கத்துத் தட்டுகளில்தான் அதிகம். உன் அப்பா தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினார். எனக்கு மனது கேட்கவில்லை, ஆனால் காரணமும் புரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எல்வீரா மேசைவிரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தவள், “அம்மா, எனக்குக் கண்ணு இருட்டுது” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தேன், ஹீட்டருக்குள் தீ நீலமாக இல்லை, மஞ்சளாகச் சோம்பலாக ஆடுகிறது. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் ஒரே நொடியில் பளிச்சென்று விளங்கிவிட்டது! கதவை அகலத் திறந்தேன். வெளியே மைனஸ் முப்பது. உன் அப்பா பதறிப்போய், “ஏய் சூசி, கதவை மூடு, நாத்தெல்லாம் செத்துரும்” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். பிறகு எல்வீராவின் முகத்தைப் பார்த்தார். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், குடிலின் அடுத்த முனைக் கதவையும் வெளியிலிருந்து உதைத்தே திறந்துவிட்டார். மாப்பிள்ளையும் அவருமாக அவளைக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, கேஸ் ரிப்பேர் செய்கிற நம் பென்னர் கையில் ஜாம் பாட்டிலோடு ஃபாஸ்பாவுக்கு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் பாட்டிலைப் பனியில் வைத்துவிட்டு, வெளியே கேஸ் தொட்டியடியில் கேஸை மூடினார், வண்டியிலிருந்து விஷவாயு அளக்கிற மீட்டரை எடுத்துவந்து வாசலில் நீட்டினார், அது போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. சுவரின் வெளிப்பக்கமாகவே போர்வையை உருவிப் போட்டுவிட்டுச் சொன்னார், “தீயும் மூச்சு விடணும்மா. அது மூக்கைப் பொத்தினா விஷத்தைக் கக்கும், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. தக்காளிக்கு அந்தப் புகை துளிகூட ஆகாது, மனுஷனுக்கு முன்னாடி அது தலையைத் தொங்கப் போட்டுரும்.” பிறகு எத்தனை பேர் வருவதாக இருந்தது என்று கேட்டார். ஊரில் பாதி, குழந்தை குட்டிகளோடு என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்! மீட்டர் அடங்கி, உள்ளே போகலாம் என்று அவர் சொன்னதுதான் தாமதம், காப்பி குடிக்க வந்த சனமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வரிசை கட்டி நின்று, தட்டு தட்டாக நாற்றைக் கோட்டுக்குள் மறைத்து, சூடாக ஓடிக்கொண்டிருந்த கார்களில் ஏற்றிவிட்டார்கள். வாசலோரத் தட்டுகள் குளிரில் கருகிப்போயின, மற்றதெல்லாம் இப்போது ஊர் முழுக்க ஜன்னல் ஜன்னலாக நிற்கிறது. போதகர் மனைவி, “எங்க குளிக்கிற தொட்டி நிறைய உங்க மிளகாச்செடிதான், நாங்க குளிக்கிறதையே விட்டாச்சு” என்கிறாள். ஹீட்டருக்குள் ஒரே கரி, தகடும் விரிசல் விட்டிருக்கிறது, புதிதுதான் மாட்ட வேண்டுமாம். எல்வீராவை ஒரு ராத்திரி பிராணவாயு வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை என் காதாலேயே கேட்டேன், குதிரை ஓடுகிற மாதிரி, அப்படியொரு வேகம்! உன் அப்பா அங்கேயே சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பட்டறையிலும் கேஸ் ஹீட்டர் மாட்டிவிட்டேன், ஓர் எறும்பு நுழையச் சந்து இல்லாமல் அடைத்துவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருந்தாயே, குட்டிப் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாடுகிறான் என்றும். படித்தபோது சந்தோஷப்பட்டேன், இப்போது அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். முதலில் அணைத்துவிட்டு, அடைத்ததையெல்லாம் பிடுங்கு. அது தெரிந்த ஆள் வந்து பார்க்காமல் மறுபடி பற்றவைக்காதே, இனி வருஷா வருஷம் குளிருக்கு முன்னால் கூப்பிட்டுக் காட்டு. புகைக்குழாய் வாயில் பனி மூடியிருக்கிறதா என்று தினமும் எட்டிப் பார். பெயின்ட், பெட்ரோல் எதையும் அதன் பக்கத்தில் வைக்காதே, ஈரத் துணியை மேலே போடாதே. தீ மஞ்சளானால் அணை. எரியாத கேஸ் கசிந்து நாறினால் சுவிட்சைத் தொடாமல், போனைக்கூட எடுக்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடு, பேசுவதை அங்கிருந்து பேசு. விஷவாயு அலாரம் ஒன்று வாங்கி மாட்டு, நம் குடிலில் இருந்த அலாரம் பேட்டரி தீர்ந்து ஊமையாகக் கிடந்தது.

மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஆண்டவர் உங்கள் வாசலைக் காக்கட்டும். இதையெல்லாம் செய்து முடித்துவிட்டு எனக்குப் போன் செய். அதற்கு முன்னால் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் என் கோபமெல்லாம் போய்விடும், கொஞ்ச நாளைக்கு அது இருக்கட்டும்.

உன் அம்மா,
சூசன்னா