இடப்பக்கத்துச் சின்னச் சக்கரம்

கிள்ளான்
2 மார்ச் 2025

அன்பு மருமகள் மலர்விழிக்கு,

ஓய்வுபெற்ற ரயில் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய பக்கிரிசாமி எழுதும் திருமுகம். நான் நலம். உன் அத்தை தங்கமணியும் நலம். அவள் குரல் நலத்துக்கு எங்கள் தாமான் குடியிருப்பே சாட்சி.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் எழுத்து எங்கே இருக்கிறது? வலைப்பக்கம் வடிவமைக்கும் உங்கள் கூட்டம் உலகத்து மையையெல்லாம் கிள்ளான் ஆற்றில் கொட்டிவிட்டதே! வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூனை பால் குடிக்கிற மாதிரி ஒரு நிறம். அதற்குப் பெயர் நாகரிகமாம். பொத்தானைத் தொடப்போனால் அது புதுப்பெண் மாதிரி ஒதுங்குகிறது. மூன்று கோடுகளுக்குப் பின்னால் ஒரு கடையையே ஒளித்துவைக்கிறீர்கள்.

போகட்டும். அலமாரியின் மேல்தட்டை ஒழித்தபோது ஒரு புதையல் கிடைத்தது. உன் கேம்பாய்! மூன்றாம் படிவப் பரீட்சைக்கு முன் காணாமல் போனதென்று மூன்று நாள் அழுதாயே, அதே சாம்பல்நிற விளையாட்டுப் பெட்டி. அது என் அலமாரிக்கு எப்படி நடந்து வந்தது என்பதை வரலாற்று ஆய்வாளர்களிடம் விட்டுவிடுவோம். நான்கு பேட்டரி போட்டேன். இருபத்தேழு வருடத் தூக்கம் கலைந்து ‘டிங்’ என்றது. அன்று முதல் விழும் கட்டைகளை அடுக்கி வருகிறேன். என் அடுக்கைப் பார்த்து இரட்டைக் கோபுரமே கூனிக்குறுகியது.

ஆனால் அதன் திரையும் உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டது. வர வர மங்குகிறது. பழுது பார்ப்பாயா?

ஞாயிற்றுக்கிழமை வரவில்லையென்று கோபிக்காதே. ஸ்டேஷன் போர்டுகளையும் உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள்.

மேன்மை பொருந்திய
பக்கிரிசாமி


பிரிக்பீல்ட்ஸ்
7 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

திருடன் நீங்கள்தானா! அதைத் தொலைத்ததற்காக அம்மா என்னைத் துடைப்பத்தோடு துரத்தியது ஞாபகம் இருக்கிறதா? நடுவில் புகுந்து, “பிள்ளைய அடிக்காத லா, பொருள்தானே, போனா போவுது” என்று எனக்காக வாதாடியதும் நீங்கள்தான்! அந்த நடிப்புக்கு டத்தோ பட்டமே கொடுக்கலாம்.

மங்கல் எழுத்தை ஏன் திட்டுகிறீர்கள்? கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறோம். எந்தப் பக்கம் உங்களை இவ்வளவு படுத்தியது? பெட்டியை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

மாமா, நவம்பரிலிருந்து நீங்கள் வரவே இல்லை. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் வடைப் பொட்டலத்தோடு வந்து என் சமையலைத் திட்டிவிட்டுப் போவீர்கள். நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா? ஞாயிற்றுக்கிழமை யாராவது கதவைத் தட்டினால், நீங்கள்தான் என்று இன்னும் எழுந்து ஓடுகிறேன்.

உங்கள்
மலர்


கிள்ளான்
12 மார்ச் 2025

அன்பு மருமகளே,

உன் கடிதத்தை உன் அத்தை உரக்க வாசிக்க, நான் சாய்ந்தபடி கேட்டேன். மன்னர்கள் தாமே வாசிப்பதில்லை. திருட்டு விவரம் வந்த இடத்தை மட்டும் அவள் இரண்டு முறை வாசித்தாள்.

எந்தப் பக்கம் என்றா கேட்கிறாய்? மூக்குக்கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி திரை முழுக்கச் சிரிக்கிறாள். அவள் சிரிப்பைத் தள்ளித் தள்ளிக் கீழே போனால், சாம்பலில் ஏதோ இருக்கிறது. போன் நம்பராகவும் இருக்கலாம், எறும்பு ஊர்வலமாகவும் இருக்கலாம். ‘முன்பதிவு’ என்ற சொல்லை மூன்று நாள் தேடினேன். கண்டுபிடித்துத் தொட்டால் மிதந்து ஓடுகிறது! இதைச் செய்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். கேரி தீவுச் செம்பனை மரம் ஒவ்வொன்றிலும் அவன் பெயரைச் சாம்பல் நிறத்தில் எழுதவைத்து, பிறகு அவனையே தேடிப் படிக்கச் சொல்வேன். என்ன கடை என்று கேட்காதே. ஏதோ ஒரு கடை.

நீ தவறாக ஒன்றும் பேசவில்லை, கண்ணு. மழை. அப்புறம் முழங்கால். அப்புறம் மறுபடியும் மழை.

பெட்டி தனிப் பார்சலில் வருகிறது. அரசாங்கச் சொத்து போலப் பார்த்துக்கொள்.

பக்கிரிசாமி


பிரிக்பீல்ட்ஸ்
17 மார்ச் 2025

மாமா,

இதை அத்தை வாசிக்க வேண்டாம். அதற்காகத்தான் மார்க்கர் பேனாவில், பக்கத்துக்கு நான்கே வரியாக எழுதுகிறேன். நீங்களே வாசியுங்கள்.

பெட்டியைப் போட்டேன். திரை தார் ரோடு மாதிரி ஒரே கறுப்பு. இடப்பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, கறுப்பைக் கூட்டவும் குறைக்கவும். அதைக் கடைசிவரை திருகி வைத்திருக்கிறீர்கள். நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு கட்டையும் பளிச்சென்று தெரிகிறது. பெட்டியில் பழுது இல்லை, மாமா.

கண்ணாடிப் பெண் சிரிக்கும் பக்கம் உங்கள் ஊர்க் கண் கிளினிக்குடையது. அதைச் செய்தவன் யாரும் இல்லை. செய்தவள் நான்.

கண் சரியாகத் தெரியாதவர்கள் தேடி வரும் பக்கத்தை அப்படிச் செய்து வைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நேற்று எழுத்தையெல்லாம் கறுப்பாக்கிவிட்டேன். பொத்தான் இனி ஓடாது.

எத்தனை நாளாக இப்படி?

27ஆம் தேதி வியாழன், காலை பத்தரை. உங்கள் பெயரில் முன்பதிவு செய்திருக்கிறேன். நான் வந்து அழைத்துப் போகிறேன்.

மலர்


கிள்ளான்
21 மார்ச் 2025

மலர்,

ஒன்பது பக்கத்தையும் நானே வாசித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

நவம்பரில், உன் வீட்டிலிருந்து திரும்பிய ஞாயிறு. சென்ட்ரல் ஸ்டேஷனில் போர்டு எனக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் ரயில் ஓட்டியவன், “தம்பி, இது கிள்ளான் போகுமா?” என்று எந்த வாயால் கேட்பது? வந்த ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். அது வேறு பாதையில் போகும் சிரம்பான் ரயில். நீலாயில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை ரயில் போயிற்றோ தெரியாது. வருடா வருடம் கண் பரிசோதனையில் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தவன் நான். வீட்டுக்கு வந்து, பாசார் கடைத்தெருவில் பழைய நண்பனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன் என்று உன் அத்தையிடம் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் மூன்று நாள் தேடியது உண்மை. கிடைக்காதபோது பாதி சந்தோஷப்பட்டதும் உண்மை. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்றால் பயமாக இருக்கிறது லா.

வியாழன் வா. அத்தையிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

மாமா


கிள்ளான்
2 மே 2025

அன்பு மருமகளே,

சக்கரவர்த்தி மறுபடியும் அரியணை ஏறிவிட்டார். வலக்கண்ணில் இருந்த புரையை டாக்டரம்மா பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி எடுத்துவிட்டார். கத்தி எங்கே என்று நான் தேடி முடிப்பதற்குள் வேலை முடிந்தது. என் அலறல் பங்சார் வரை கேட்டதென்று உன் அத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். நம்பாதே. பக்கத்து ஷா ஆலம் வரைதான். இடக்கண் அடுத்த மாதம்.

புதுக் கண்ணோடு, நீ செய்த மற்றப் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். அப்போதும் சாம்பல்தான்! ஆக, வழக்கில் பாதி வெற்றி எனக்கு. அவற்றையும் கறுப்பாக்கு.

இன்னொன்று. கண் கட்டைப் பிரித்தபோது எதிரே நீ நின்றாய். உன் காதோரத்தில் நரை. ஏழு முடி, எண்ணினேன். அது எப்போது வந்தது, மலர்? பெட்டிக்காக அழுத பதினைந்து வயது முகத்தையே வைத்துக்கொண்டு இத்தனை காலம் உன்னோடு பேசிவந்திருக்கிறேன். அன்று அதை எடுத்தது தப்பு. நீ பரீட்சையில் தோற்றுவிடுவாயோ என்று பயந்தேன். அப்புறம் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது.

ஞாயிறு வருகிறேன், நீ திருப்பிக் கொண்டுவந்த பெட்டியோடும் வடையோடும். அத்தை துணைக்கு வருகிறேன் என்கிறாள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். திரும்பும்போது போர்டை நானே வாசித்துக்கொள்வேன். தெரியாவிட்டால், பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மாமா
பக்கிரிசாமி