வெள்ளிக்கிழமை விளக்கு

மல்லேஸ்வரம். 1938, ஆடி மாதம், வெள்ளி இரவு.

கூடத்தில் வீற்றிருக்கும் ஆர்க்கிட் செடிக்கு வணக்கம். இன்று உன் விளக்கை இவ்வளவு தாமதமாக அணைத்ததைப் பொறுத்தருள வேண்டும்.

மழை மூட்டத்தில் வெயிலே இல்லை. சென்ற ஆண்டு மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் உன் மொட்டுகள் உதிர்ந்தன. ஆகையால் இவ்வாண்டு பால்நிறக் கண்ணாடி பல்பை நானே தேர்ந்தெடுத்தேன். பகலில் ஒளியும் இரவில் இருளும் உனக்குத் தேவை என்பதையும் எவர் துணையுமின்றிப் படித்து அறிந்தேன்.

அந்தி சாய்ந்ததும் அதை அணைக்கப் போனேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கை அணைக்கலாமா மன்னி?”

“இது பல்புடி, சுவாமி விளக்கு இல்லே. போன வெள்ளி உன் பேச்சைக் கேட்டேன். விடிய விடிய எரிஞ்சு இலை கருகிப் போயிடுத்து!”

“அப்போ தினமும் அதைப் போட்டதும் எதுக்குக் கன்னத்துல போட்டுக்கறேள்?”

கையை விடுவித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அவள் உறங்கிய பின்னரே அணைத்தேன். மிகவும் களைத்திருக்கிறேன். உன்னிடம் எஞ்சியிருப்பது ஒரே மொட்டு. அது நிலைக்குமா, உதிருமா என்று விரைவில் பதில் அளிக்க வேண்டுகிறேன்.