முன்பக்கம் தள்ளுது, வால் ஆடுது

மாமா,

இன்று காலை குளிக்கப் போனபோது தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உறைந்து வெள்ளையாக இருந்தது. பதுளையில் இது வருடத்துக்கு நாலைந்து நாள்தான் நடக்கும். போத்தலை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு, பாடசாலைக்கு நேரமாவதையும் மறந்து, அங்கேயே நின்று சிரித்தேன். லீவில் வந்திருக்கும் உங்கள் மகன் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அப்பா ஞாபகமா?" என்றார். ஆமாம் என்றேன். நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. அழுகை வரும் நாட்களும் உண்டு. இன்று சிரிப்புத்தான் வந்தது.

நம் கதையை யாராவது கேட்டால் முதலில் உங்கள் வீம்பைத்தான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தங்கையின் மகளை மகனுக்குக் கட்டுவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். அவரோ என்னைப் பதிவுத் திருமணம் செய்து கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "வீட்டுக்கு வரட்டும், என் வாய்க்கு வர மாட்டா" என்று தங்கையிடம் சொல்லிவிட்டீர்கள். தங்கை என்னோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தார். தங்கைக்காக நீங்களும் பேசுவதில்லை. அத்தை உயிரோடு இருந்திருந்தால் நடுவில் ஓர் ஆள் இருந்திருக்கும். உங்கள் மகனுக்குக் கொழும்பில் வேலை, எனக்குப் பதுளையில் கணிதம் படிப்பிக்கிற வேலை. ஆகவே அந்த வீட்டில் இருந்தது நீங்களும் நானும் மட்டும்தான்.

மூன்றாம் ஆள் இல்லாத வீட்டில் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. நீங்கள் ரேடியோவைப் பார்த்துப் பேசினீர்கள். "காஸ் முடியப் போகுது" என்பீர்கள் ரேடியோவிடம். நான் போய் சிலிண்டரை மாற்றுவேன். ஒருநாள் "கறியில உப்பு கூடிப்போச்சு" என்று அதனிடம் முறையிட்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அப்ப நாளைக்கு நீயே சமை" என்று நானும் ரேடியோவிடமே சொன்னேன். உங்கள் மீசை லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு அன்று துணிவில்லை. வெளியில் வாயாடினாலும் உள்ளுக்குள் எனக்கு வலித்தது மாமா. என் முகத்தைப் பார்த்து ஒரு 'அம்மா' சொல்ல மாட்டாரா என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.

அப்படியே ஒன்றரை வருடம் போன பிறகுதான் அந்தக் கார் வந்தது. வெளிநாடு போகும் நண்பர் கொடுத்தது என்று உங்கள் மகன் கொண்டுவந்தார். ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார், முழங்கை நீளம் இருக்கும். நாலு சக்கரத்துக்கும் குலுக்கலை அடக்க, சுண்டுவிரல் அளவில், எண்ணெய் நிரப்பிய ஷொக் அப்சோபர், அதைச் சுற்றி ஸ்பிரிங். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தவர், நினைத்த பக்கம் திரும்பாமல் குடை சாய்கிறது என்று அலுத்துப்போய் வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். மறுநாள் நான் பாடசாலை விட்டு வந்தபோது நீங்கள் முற்றத்தில் நின்று அதை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். முப்பது வருடம் தேயிலை லொறியில் கொழும்புக்கு இறங்கி ஏறியவர், முழங்கால் கிளட்ச் மிதிக்க மறுத்த நாளிலிருந்து ஒரு வண்டியையும் தொடாதவர், ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு உடம்பையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கார் பத்துத் தடவையாவது புரண்டிருக்கும். நீங்கள் ரேடியோவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மேசையில் கிடந்த சோக் துண்டை எடுத்து வந்து, வாசல் சீமெந்தில் எழுதினீர்கள்: 'வளைவில் முன்பக்கம் தள்ளுது.' காரை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். தேயிலைத் தொழிற்சாலைக் கராஜில் சாரதிகள் வண்டியின் பழுதைப் பலகையில் எழுதிவிட்டுப் போவார்கள், மெக்கானிக் தான் செய்த வேலையை அதன் கீழே எழுதிவைப்பார், அதுதான் வழக்கம் என்று உங்கள் மகன் பிறகுதான் சொன்னார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வீட்டில் முதன்முறையாக ஒரு வசனம் எனக்கென்று வந்திருக்கிறது என்பதுதான். எழுதுவது பேச்சில் சேராது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டீர்கள் போலும்.

நான் அதுவரை ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்ததில்லை. பெட்டிக்குள் இருந்த ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு நாள் படித்தேன். வளைவில் திரும்பாமல் முன்பக்கம் வெளியே தள்ளினால் முன் ஸ்பிரிங்கைத் தளர்த்து என்றது அது. நீங்களோ நாலு ஸ்பிரிங்கையும் இறுக்கி வைத்திருந்தீர்கள். மூட்டை ஏற்றிய லொறி மலைப்பாதையில் சாயாமல் இருக்க ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும் என்பது உங்கள் முப்பது வருட அனுபவம். நான் தளர்த்தி, 'முன் ஸ்பிரிங் தளர்த்தியது' என்று கீழே எழுதினேன். மறுநாள் பார்த்தால் திரும்பவும் இறுக்கியிருந்தது. நான் தளர்த்த, நீங்கள் இறுக்க, ஒரு கிழமை போனது. எட்டாம் நாள் சீமெந்தில் இரண்டே சொல் இருந்தது: 'வெறும் லொறி.' காரை எடுத்துப் பார்த்தேன். நாலு ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தன. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வெறும் லொறி ஒவ்வொரு குழிக்கும் குதிக்கும் என்று நீங்கள் உங்கள் மகனிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தக் காரில் ஏற்ற மூட்டையே இல்லை என்பதை நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள். மாமனார் ஒருவர் தோல்வியை எழுத்தில் ஒப்புக்கொண்டது பதுளையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எனக்கும் தலைக்கனம் ஏறியது. வளைவில் பின்பக்கம் வழுக்குவதைப் பார்த்து 'வால் ஆடுது' என்று நீங்கள் எழுதிய அன்று, பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன், பின்சக்கரத்தின் சாய்வையும் மாற்றினேன், காரின் உயரத்தையும் குறைத்தேன். கார் அற்புதமாக ஓடியது. பெருமையாக மூன்றையும் எழுதிவைத்தேன். அதன் கீழே நீங்கள் ஒரே ஒரு சொல் எழுதினீர்கள்: 'எதனால?' பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சமன்பாடு சொல்லிக்கொடுக்கிறவள், மூன்றையும் பழையபடி வைத்து, ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் முற்றத்தை ஐந்து சுற்று ஓடவைத்துக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. சாய்வுதான் காரணம். மற்ற இரண்டும் சும்மா. அப்படியே எழுதிவைத்தேன். நீங்கள் அதன்மேல் பெரிய சரி அடையாளம் போட்டீர்கள். கணித டீச்சருக்கே மார்க் போட்ட ஆள் நீங்கள்.

பிறகு ஷொக் எண்ணெய் ஒழுகித் தீர்ந்தது. அதற்குரிய எண்ணெய் பதுளையில் எந்தக் கடையிலும் இல்லை. தையல் மெஷின் எண்ணெயை ஊற்றிப் பார்த்தேன், ரப்பர் வளையங்கள் ஊதிப்போயின. வளையங்களை மாற்றிவிட்டு, தலைக்குத் தேய்க்கக் காய்ச்சுவதுபோல விளக்கெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். முற்றத்து வெயிலில் கார் தண்ணீரில் போகிற மாதிரிப் போனது. 'நல்லாருக்கு' என்று எழுதினீர்கள். அந்தச் சொல்லின்மேல் கால் படாமல் மூன்று நாள் சுற்றி நடந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு நான் பிறந்த பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் விளையாட்டு நாள் வைத்தார்கள். ரிமோட் கார் பந்தயமும் உண்டு என்று தம்பி போனில் சொன்னான். சும்மா உங்கள் கண்ணில் படட்டும் என்று சீமெந்தில் எழுதினேன். நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவேயில்லை. என் அப்பா அம்மா இருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு நீங்கள் ஒருநாளும் வந்ததில்லை. மறுநாள் காலை பதில் இருந்தது: 'பஸ் எத்தனை மணிக்கு?' எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். நீங்கள் என்னோடு பேசாதது நம் வீட்டுக்குள் இருந்த விஷயம். என் அப்பாவுக்கு முன்னாலும் பேசாமல் நின்றால், அவர் மனது உடைந்துவிடும். பண்டாரவளையில் பஸ் மாறும்போது, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

காலையில் மைதானத்தில் பனிமூட்டம். அப்பா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடுபாதையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். உங்களைக் கும்பிட்டார், நீங்களும் கும்பிட்டீர்கள், அவ்வளவுதான். முதல் ஓட்டம் தொடங்கியது. மற்ற ஐந்து கார்களும் பாய, நம் கார் கட்டை வண்டிபோல் தடதடவென்று குதித்து, முதல் வளைவிலேயே மல்லாந்தது. தூக்கி வைத்தால் அடுத்த வளைவிலும் மல்லாந்தது. நீங்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தீர்கள். நான் பழக்கதோஷத்தில் பையிலிருந்து சோக்கை எடுத்து நீட்டினேன். சுற்றிலும் நனைந்த புல். நீங்கள் சோக்கைப் பார்த்தீர்கள், புல்லைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"என்னத்தம்மா ஊத்துன இதுக்குள்ள?"

"தேங்காண்ணெயும் வெளக்கெண்ணெயும், மாமா."

"பூனாகலையில பொறந்து வளந்துட்டு தேங்காண்ணெயா ஊத்துன? இங்க காலையில தலைக்குத் தேய்க்கணும்னாலே அடுப்போரம் வச்சுல்ல எடுக்கணும்."

"மறந்துட்டேன் மாமா."

"டீச்சராம்," என்றீர்கள்.

நான் அழுதுவிட்டேன். பந்தயம் போய்விட்டதே என்று அழுவதாக நினைத்து, பக்கத்தில் நின்ற பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். நான் சொல்லாமலே அப்பாவுக்கு மட்டும் புரிந்தது. அவர் லயத்துக்கு ஓடி, கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். நீங்கள் இருவரும் குந்தியிருந்து துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து நாலு ஷொக்கையும் சுற்றிப் பிடித்தீர்கள். "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க சம்பந்தி" என்றீர்கள். என் அப்பா உங்கள் முகத்தையே பார்த்து ஊற்றியதில், பாதித் தண்ணீர் புல்லில் போனது. இரண்டாவது ஓட்டத்தில் ஆறு காரில் நாலாவதாக வந்தோம். மதியம் அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டு, "ஒங்க மகளுக்கு நல்ல கை. அவசரந்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அதை அம்மா இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறார். அவசரம் என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்.

அன்று மாலையே தங்கைக்குப் போன் போட்டு, "பேசிட்டேன். கோவிச்சுக்காத" என்றீர்கள். அவர் கோபித்துக்கொண்டார். உங்களோடு ஒரு மாதத்தில் சமாதானமானார், என்னோடு இல்லை. நீங்களோ அடுத்த நாலு வருடமும் வாயை மூடவில்லை. பெரகலை வளைவில் பிரேக் சூடாகி நின்ற கதையை மட்டும் நாற்பது தடவை கேட்டிருப்பேன். கொழும்பிலிருந்து சரியான எண்ணெய் வரவழைத்தோம். அதை ஊற்றிய பிறகு கார் ஓடும் விதத்தைப் பார்த்து, "இவ்வளவு நாள் நாம வெளையாடிக்கிட்டு இருந்தோம்மா" என்றீர்கள். நல்ல வருடங்கள் மாமா. குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. கடைசி வருடம் ஒரு பின்னேரம் நீங்கள் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், அன்று காலடியில் புல்லுக்குப் பதில் சீமெந்து இருந்திருந்தால் எப்போது பேசியிருப்பீர்கள் என்று. நீங்கள் தலையைத் தூக்காமலே சொன்னீர்கள்: "வந்த ஆறு மாசத்துலயே பேசணும்னுதான் இருந்துச்சு. எங்கிட்டு தொடங்குறதுன்னு தெரியல. நாளாக நாளாக இன்னும் பெருசாப் போச்சு." வந்த கோபத்தில் எழுந்து உள்ளே போய்விட்டேன். இரண்டு வருடம் நான் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு சமைத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்கோ முதல் வார்த்தை கிடைக்கவில்லை. அடுப்படியில் நின்று யோசித்தபோது கோபம் போய்விட்டது. எனக்கும்தான் கிடைக்கவில்லை. நானும் ரேடியோவிடம்தானே பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் காரை எடுக்கிறேன். ஆனால் உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, முதல் வார்த்தைக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதுதான். அதை நன்றாகக் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் காரியத்தன்று தங்கை வந்தார், உங்கள் மகனைக் கட்டிப் பிடித்து அழுதார், என்னைத் தாண்டிப் போனார். மரியாதைக்காக ஒதுங்கி நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒன்பது மாதத்தை ஓட்டிவிட்டேன்.

இன்று இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வெளியே நின்று உங்கள் தங்கைக்குப் போன் எடுத்தேன். "யாரு?" என்றார். "நான்தான் சின்னம்மா, பூனாகலைப் புள்ள," என்றேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"இன்னும் இல்ல," என்றார். பிறகு, "நீ சாப்ட்டியா?"