ஐந்து மணி நேரம், வலியே இல்லை

மோன்டெபெல்லூனா,
ஜனவரி 17

அன்புள்ள லோரிஸுக்கு,

ஓர்னெல்லா எழுதுகிறேன். நானும் கியாடாவும் சௌக்கியம். நீயும் உன் இரண்டு எதிரிகளான கால்களும் எப்படி? உங்கள் அணி மெக்கானிக் டெனிஸ் உதிரி சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு நாளை ஸ்பெயினுக்குப் புறப்படுகிறான். அவனிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். கடிதத்திடம் அது பலிக்காது.

கியாடாவுக்கு முன்பல் ஆடுகிறது. மணிக்கு ஒரு தடவை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். தொழிற்சாலையில் பனிச்சறுக்கு பூட்ஸ் வேலை ஓய்ந்து, இப்போது நாள் முழுக்க சைக்கிள் ஷூக்களைத்தான் அச்சில் இழுத்துப் பொருத்துகிறேன். ஊரில் உள்ளவன் காலுக்கெல்லாம் என் கையால் ஷூ போகிறது, என் புருஷனுக்கு ஒரு ஜோடி வாய்க்கவில்லை என்று நான் புலம்பாத நாள் உண்டா? வலது கால் வாத்துக்கால் மாதிரி அகலம், பெருவிரலுக்கு அடியில் புடைத்த எலும்பு வேறு. இடது கால் அரை அளவு சின்னது. ஒன்பது வருடத்தில் பதினோரு ஜோடி! ஒரு ஜோடியை இளக்குகிறேன் என்று ரொட்டி அடுப்பில் வைத்தாயே, ஒரு வாரம் வீடு நாறியது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை உன் செய்தி வந்ததும் வேலையிடத்துக் கழிவறையில் போய் நின்று அழுதேன். “கெடச்சிடுச்சு ஓர்னெல்லா! அஞ்சு மணி நேரம் ஓட்டினேன், வலியே இல்ல. வான்டா கைக்கு என் பேரைச் சொல்லி முத்தம் குடு” என்று எழுதியிருந்தாய். அணிக்காரர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பெயர் போட்ட உறைக்குள் ஒளித்து மாட்டிக்கொள்ளும், வான்டா கையால் செய்த திருட்டு ஷூவாக இருந்தால் என்ன, பொருந்திவிட்டதே என்று எனக்கு ஆனந்தம். ஒரு பாட்டில் ப்ரொசெக்கோ ஒயின் வாங்கிக்கொண்டு வான்டாவின் பட்டறைக்கு ஓடினேன்.

அவள் பாட்டிலைத் தொடவில்லை. “வலியே இல்லையாமா? கொஞ்சம்கூடவா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு உன் காலைப் பதிந்து எடுத்த சாந்து அச்சை அலமாரியிலிருந்து இறக்கினாள். “ரெண்டாவது ஜோடிக்காக நேத்துதான் இதைத் திருப்பிப் பார்த்தேன். உன் வீட்டுக்காரன் என்னை ஏமாத்திட்டான். சாந்து காயற வரைக்கும் வெரலை மடக்கி, காலைக் குறுக்கிக்கிட்டு நின்னிருக்கான். இது கால் இல்ல ஓர்னெல்லா, முஷ்டி” என்றாள். அப்புறம் உங்கள் கூட்டத்துக்கே அர்ச்சனை நடந்தது. “லூசா இருந்தா பெடல்ல பலம் ஒழுகிடும்னு இவனுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? கல்யாண கவுனுக்கு அளவெடுக்கறப்ப வயித்தை எக்குற பொண்ணுங்களே தேவலை” என்று திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. “இந்த அச்சுல செஞ்ச ஷூ ஒரு மணி நேரத்துல உயிரை எடுக்கணும். வலிக்கலைன்னா...” என்று நிறுத்தி, பாட்டிலை என் பையிலேயே திரும்ப வைத்தாள்.

வரும் வழியெல்லாம் ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று நடந்ததையே நினைத்துக்கொண்டு வந்தேன். கிறிஸ்துமஸ் மரத்தைக் கலைக்கும்போது கண்ணாடி உருண்டை உடைந்தது. நீ வெறுங்காலோடு சமையலறைக்கு வந்து காப்பி ஊற்றினாய். கியாடாதான் தரையைப் பார்த்துவிட்டு, “அப்பா, தக்காளி சாஸை மிதிச்சுட்டியா?” என்று கேட்டாள். உன் பாதத்திலிருந்து நான் கண்ணாடித் துண்டைப் பிடுங்கியபோது நீ பாட்டுக்குப் பந்தயப் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். எவ்வளவு தாங்குகிறான் என் புருஷன் என்று பெருமைப்பட்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

கால் மரத்துப் போகிறது என்று நவம்பரில் காட்டப் போனபோது டாக்டர் சொன்னதை இரண்டு பேரும்தான் கேட்டோம். “மரத்துப் போயி மறுபடி வலி வந்தா கவலையில்ல. வலி அடியோட நின்னா ஓடி வாங்க, நரம்பு செத்துடுச்சுன்னு அர்த்தம்” என்றார். வெளியே வந்ததும் நீ, “வலிச்சா நல்லதாம், நல்ல டாக்டர்டி!” என்று சிரித்தாய்.

உடனே வீட்டுக்கு வா என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பார்த்துத்தான் மேலாளர் ஒப்பந்தம் கொடுப்பார். முப்பத்துநான்கு வயதில் வேறு அணி உன்னைச் சீந்தாது. நீ வரமாட்டாய், எனக்குத் தெரியும். வான்டா அகலமாக வேறு ஜோடி தொடங்கியிருக்கிறாள். ஆனால் போட்டுப் பார்த்துப் பொருந்துகிறதா என்று கேட்டால், உன் கால் என்ன பதில் சொல்லும்? எனக்குப் பயமாக இருக்கிறது லோரிஸ்.

இதையாவது கேள். வெந்நீரில் கால் வைப்பதற்கு முன்னால் கையை வைத்துப் பார். ஓட்டி முடித்ததும் காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் கண்ணால் பார், அடியையும் பார். நீ பார்க்கமாட்டாய் என்று டெனிஸிடமும் சொல்லியிருக்கிறேன். அவனைத் திட்டாதே.

பந்தய ஞாயிறுகளில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, உன் கால் வலிக்கக்கூடாது என்று ஒன்பது வருடமாக வேண்டியிருக்கிறேன். இந்த ஞாயிறும் கியாடாவைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றுவேன். உனக்கு வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். நன்றாக வலிக்கட்டும், என் கண்ணே.

உன்
ஓர்னெல்லா