வீட்டுக்குப் போதுமான மெஷின்

படப்பை,
9.2.2025, ஞாயிறு

ஏஞ்சல் அப்பாவுக்கு ஜோசலின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நானும் ஏஞ்சலும் பாதி சுகம். மீதியைப் போனில் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தாலே உங்களை மேனேஜர் கூப்பிடுகிறார், இல்லாவிட்டால் லைன் சரியில்லை. அதனால்தான் காகிதம் வாங்கி வந்து எழுதுகிறேன். உங்கள் ரூமில் இருக்கும் சம்பத் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்து விடுகிறேன். ஹோட்டல் தோட்டத்தில் நின்றபடியே பிரித்துப் படிக்க வேண்டாம். ரூமுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் அவரிடம் கொடுத்தனுப்பிய பார்சல் போன மாதமே வந்து சேர்ந்தது. சம்பத் அதைத் தனியாக ஒரு பையில் போட்டு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். "அண்ணனே உக்காந்து பேக் பண்ணாரு அக்கா, என்னைத் தொடவே விடல" என்றார். கிறிஸ்துமஸுக்கு வர முடியாததற்கு ஏதோ அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஏஞ்சலும் அப்படித்தான் நினைத்திருப்பாள். இரண்டு நாளாக யாரிடமும் சரியாகப் பேசாதவள், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். உங்கள் நீலத் துண்டு, அதற்குள் பிளாஸ்டிக், அதற்குள் பேப்பர். பேப்பருக்குள் புல் வெட்டும் மெஷினுக்கு இரண்டு பிளேடு, ஒரு ஸ்பார்க் பிளக்.

ஏஞ்சல் சிரித்தாள். அப்புறம் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சம்பத் முன்னால் நான் என்ன சொல்ல? நல்ல கனமாக இருக்கிறது என்று சொன்னேன். துண்டில் உங்கள் சோப்பு வாசனை இருந்தது. அதை மட்டும் துவைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி எழுதப் போவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது, வாசல் கேட்டிலிருந்து படிக்கட்டு வரைக்கும் மண்ணைக் கொத்தி, முட்டி போட்டுக்கொண்டு மெக்சிகன் புல்லைத் துண்டு துண்டாக நட்டீர்கள். ஒருத்தரையும் மிதிக்க விடவில்லை. பேப்பர் போடுகிறவனைக்கூடக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினீர்கள். "ஊரான் வூட்டுப் புல்லை வெட்டி வெட்டியே என் வயசு போயிடுச்சு ஜோஸ். நமக்குன்னு ஒரு லான் வேணும். இந்த ஒரு கான்ட்ராக்ட் முடியட்டும், வந்துடறேன்" என்றீர்கள். எனக்கு அந்தப் புல் பெரிதாகத் தெரியவில்லை. கடைசியாகச் சொன்னீர்களே, அந்த வார்த்தைக்காகத்தான் தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டேன்.

புல் பிடித்து வளர்ந்தபோது நீங்கள் அங்கே இருந்தீர்கள். தாம்பரத்தில் மெஷின் கடைக்குப் போய்ப் பார் என்றீர்கள். போனேன். கடைக்காரர் சேட்டு முதலில் கேட்டது, வெட்டப் போவது யார் என்றுதான். நான்தான் என்றேன். உடனே ஒரு சின்ன மெஷினைத் தூக்கி வந்து முன்னால் வைத்தார். "வூட்டுக்குத்தான அக்கா? இது போதும். பிளக்க சொருவுனா ஓடும். ஒரு கையில தூக்கிக்கினு போலாம். அந்தப் பெருசு கிரவுண்டுக்கு, ரிசார்ட்டுக்கு. வூட்ல வச்சினா அத்த மேய்க்கவே தனியா ஒரு ஆளு வோணும்" என்றார். தூக்கிப் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தைவிட லேசாக இருந்தது. எனக்குப் பிடித்துப் போனது.

அப்போது நீங்கள் வீடியோவில் வந்தீர்கள். "அது பொம்மை சேட்டு. நுனியைக் கிழிக்கும், வெட்டாது. நம்ம ஊர் வெயில்ல ரெண்டு சீசன் ஓடினா மோட்டார் புகையும். அந்தப் பக்கம் பெட்ரோல் மெஷின் நிக்குது பாருங்க, அதைக் காட்டுங்க" என்றீர்கள். அவர் வியாபாரி, காட்டினார். இன்ஜின், பிளேடு, சக்கரம் என்று நீங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பேசினீர்கள். போன் என் கையில் இருந்தது. இந்தப் பக்கம் திருப்பு, குனிந்து அடியைக் காட்டு என்றீர்கள். திருப்பினேன், குனிந்தேன். வெட்டப் போவது யார் என்ற கேள்வி மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவில்லை.

மெஷின் குட்டி யானை வண்டியில் வந்தது. பலகை போட்டு இரண்டு ஆட்கள் இறக்கினார்கள். பாத்திரம் தேய்க்க வந்த கன்னியம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஒரு மாடாவது கட்டினா இந்தப் புல்லுக்கு ஒரு அர்த்தம் கீது" என்றாள். அதை உங்களிடம் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

நியாயமாகவும் எழுத வேண்டும். அது நல்ல மெஷின். பக்கத்து வீட்டு ஹிதாயத்துல்லா பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கயிறை இழுத்து ஸ்டார்ட் செய்து கொடுப்பார். அது உறுமிக்கொண்டு தானாகவே நகரும். புல் மழித்த மாதிரி நிற்கும். உலை கொதிப்பதற்குள் நம் இடம் முழுவதும் முடிந்துவிடும். திரும்புவதற்குத்தான் இடம் போதவில்லை. ஒவ்வொரு முறையும் ரோஜாத் தொட்டிகளை நகர்த்தினேன், பிறகு எடுத்தே விட்டேன்.

போன செப்டம்பரில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். சீசன் நேரம், வர முடியாது என்றீர்கள். சரி. பாயின் மனைவி சபீஹாதான் கூட இருந்து, என் தலையைக்கூட வாரிவிட்டாள். கனம் தூக்கக் கூடாது, எதையும் வேகமாக இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஏஞ்சல் உங்களுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

பிறகு மழை. யாரும் வெட்டவில்லை. புல் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று போன் செய்தீர்கள். ஏஞ்சல் குதித்தாள். லானைக் காட்டு என்றீர்கள். காட்டினேன். உங்கள் முகம் வாடியதை நான் பார்த்தேன். தையல் ஆறிவிட்டதா என்று கேட்பீர்கள் என்று போனைத் திருப்பி என் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "நான் வர்றதுக்குள்ள ரெண்டு தடவையா வெட்டிடு. ஒரேயடியா அடியோட வெட்டினா மஞ்சளாயிடும்" என்றீர்கள். பாயை அடிக்கடி கூப்பிட முடியாது என்றேன். "என்ன பெரிய வித்தை, பயப்படாம ஒரே இழுப்பா இழு" என்றீர்கள்.

இழுத்தேன். அன்றைக்கு பாய் குடும்பத்தோடு குன்றத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருக்கலாம்தான். நீங்கள் வரப்போகிறீர்கள் என்ற சந்தோஷம் எனக்கு. முதல் இழுப்பில் அசையவில்லை. காலை ஊன்றிக்கொண்டு மறுபடி மறுபடி இழுத்தேன். மெஷின் ஸ்டார்ட் ஆனதும் என் வயிற்றுக்குள் ஏதோ அறுந்ததும் ஒன்றாகத்தான் நடந்தது. அப்போதும் கைப்பிடியை விடவில்லை. விட்டால் உங்கள் மெஷின் என்ன ஆகுமோ என்ற பயம். அது என்னை இழுத்துக்கொண்டே பாதி தூரம் போய் காம்பவுண்டு சுவரில் மோதி நின்றது. நான் புல்லிலேயே படுத்துவிட்டேன்.

ஏஞ்சல்தான் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். உள்ளே தசை விட்டுப்போய்க் குடல் இறங்கியிருக்கிறது என்றார்கள். மறுபடி ஆபரேஷன். கல்லூரியில் இந்த வருஷம்தான் சேர்ந்த பெண், எங்கெங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கெல்லாம் போட்டாள். தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னதும், "பிளேடு சுவத்துல பட்டுச்சா?" என்று கேட்டீர்களாம்.

அப்பாவுக்குப் பதற்றத்தில் என்ன கேட்பது என்று தெரிந்திருக்காது என்று அவளிடம் சொன்னேன். நான் அதை நம்பினேனா என்று கேட்காதீர்கள். அவள் அன்றிலிருந்து உங்கள் போனை எடுப்பதில்லை. நீங்கள் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது லீவு கேன்சல் என்று மெசேஜ் வந்தது. கேரல் ரவுண்டுக்கு சபைக்காரர்கள் வந்தபோது லான் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் கிடந்தது. பையன்கள் வெட்டின பக்கம் நின்று பாடினார்கள். "பென்னி பிரதர் எப்போ வர்றார் சிஸ்டர்?" என்று பாஸ்டர் கேட்டார். கம்பெனி விடவில்லை என்றேன். ஏஞ்சல் கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

நான் பாஸ்டரிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று சம்பத் வந்த பிறகுதான் தெரிந்தது. அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் உங்களைப் பெருமையாகத்தான் பேசினார். "ஹோட்டல் பின்னாடி புது லான் போடறாங்க அக்கா. மேனேஜர் லீவு குடுத்துட்டாரு. அண்ணன்தான் இதை விட்டுட்டுப் போக மனசில்லன்னு இருந்துட்டாரு. அண்ணன் இல்லாம அங்க ஒரு புல்லு முளைக்காது. அதான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்தும் வாங்கிட்டாங்க" என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். நானும் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டினேன். அவருக்குக் காபி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன், அவர் அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

கம்பெனி விடவில்லை என்று நான் எத்தனை வருஷம், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! சேலையூரில் இருக்கும் உங்கள் அக்காவிடம், சபையில், ஏஞ்சல் சின்னவளாக இருந்தபோது அவளிடம். இதில் எத்தனை தடவை கம்பெனி விட்டது, நீங்கள் வரவில்லை என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த வாரமே சேட்டுவுக்குப் போன் செய்தேன். ஒரகடம் ரோட்டில் கிரிக்கெட் கிரவுண்டு வைத்திருக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் சுவரில் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்தார். உங்கள் மெஷினை அவருக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய பிளேடுகளையும் சேர்த்தே கொடுத்தேன். ஒரிஜினல் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். யாருக்காவது சந்தோஷம். அதற்குப் பதில் கடையில் அன்றைக்கு நான் தூக்கிப் பார்த்த அந்தச் சின்ன மெஷினை வாங்கிக்கொண்டேன். உங்களைக் கேட்கவில்லை.

டாக்டரிடம் கேட்டுவிட்டு, வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு, நேற்று நானே வெட்டினேன். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. நுனி கிழிகிறது. வெட்டின இடம் வெளுத்துத் தெரிகிறது. வெட்டின புல் விழும் பெட்டி நான்கு வரிசைக்குள் நிறைந்துவிடுகிறது. வயர் காலைச் சுற்றுகிறது. மோட்டார் சூடானது, நிறுத்திவிட்டு நானும் படியில் உட்கார்ந்துகொண்டேன். ரெண்டு சீசன்தான் வரும் என்றால் வரட்டும். எனக்கு அதைத் தள்ள முடிகிறது. சேட்டு கேட்ட கேள்விக்கு இது பதில்.

புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு சிமெண்டு போடலாம் என்கிறாள் ஏஞ்சல். ஆள்கூடப் பேசிவிட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்டபோது, புல்லுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டேன். அவளுக்குக் கோபம் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள்மேல் இருக்கும் கோபத்தையும் நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். புல்லைப் பற்றி இல்லாமல் எழுதுங்கள்.

உங்களுக்கு அங்கே மரியாதை இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஒரு பெரிய ஹோட்டலே உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கிறது. இங்கே வந்தால் பால் வாங்கப் போவீர்கள், கரண்டு பில் கட்டுவீர்கள், என்னோடு உட்கார்ந்திருப்பீர்கள். அது உங்களுக்குச் சின்ன வேலையாகத் தோன்றினால் நான் என்ன செய்ய முடியும்? கையைப் பிடித்து இழுக்கிற வயசும் இல்லை, இனிமேல் எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுங்கள். மத்தியான வெயிலில் தலையில் ஒன்றும் கட்டாமல் நிற்காதீர்கள். உங்களுக்காக ஜெபிக்காமல் நான் ஒரு நாளும் படுப்பதில்லை, இந்த மாதமும் நிறுத்தவில்லை. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். வரப்போகிறீர்களா இல்லையா என்பதை மட்டும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன் என்று எழுதத்தான் பேனாவைக் காகிதத்தில் வைத்தேன். அது பொய் என்பதால் எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள்
ஜோசலின்