வாங்கும் கூலியை வாய்விட்டுச் சொன்ன யதுசன்

ஹரோ,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் தனுஷியாவுக்கு,

நீயும் மருமகனும் பிள்ளையும் மெல்போர்னில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். இங்கே அப்பாவுக்கு முழங்கால் நோவு, எனக்கு வாய் ஓயாத நோவு என்று உன் அண்ணா பகிடி பண்ணுகிறான், மற்றப்படி சுகம். போனில் சொன்னால் சமைத்துக்கொண்டே "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன், ஆறுதலாய் இருந்து வாசி.

அண்ணா யதுசன் குகதாசன் மாமாவின் மோட்கேஜ் கொம்பனியை விட்டுத் தனியாய்த் தொடங்கியது உனக்குத் தெரியும், ஏன் என்பதுதான் தெரியாது. வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கும் புரோக்கருக்கு பாங்க் காசு கொடுக்கிறது, கடன் பெருத்தால் அதுவும் பெருக்கும். கடன் பேப்பரில் எங்கோ ஒரு மூலையில் எழுதித்தான் இருக்குமாம், யார் வாசிக்கிறது? அரசாங்கம் வந்து திருத்தும்வரை இருக்காமல் நாங்களே திருத்துவோம் என்று இவனும் வேறு சிலரும் தங்கள் புரோக்கர் சங்கத்தில் எழும்பி நின்றார்கள். முதல் சந்திப்பிலேயே தன் வருமானத்தை வாயால் சொல்ல வேண்டும், கடன் பெரிதோ சிறிதோ ஒரே கூலி, பாங்க் தருவதில் மிச்சம் வீடு வாங்குகிறவருக்கே, சங்கக் கமிட்டியில் வீடு வாங்கிய சாதாரண ஆட்களும் இருக்க வேண்டும், இவ்வளவுதான் கேட்டார்கள். மாமாதான் அந்தச் சங்கத் தலைவர். என் கூடப்பிறந்த அண்ணை, இவனுக்குத் தொழில் பழக்கியவர். "வளர்த்த கடா மார்பிலை பாஞ்சிட்டுது" என்று சொல்லிப்போட்டு எங்கள் வீட்டுப் படி மிதிக்காமல் விட்டார், இவனும் அவரின் கொம்பனியை விட்டான்.

அண்ணா தனியாய்த் தொடங்கி முதலில் வந்தது ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி கமலநாதன். அண்ணா, பாங்க் தனக்குத் தரும் கூலியைச் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்கினான். எங்கள் ஆட்களிடம் சொந்தக்காரன் கூலியைப் பற்றி வாய் திறந்தால் தங்களிடமும் காசு கேட்கிறான் என்றுதானே அர்த்தம். அடுத்த நாள் கமலநாதன் வெற்றிலையும் பழமும் வைத்த தட்டில் காசு போட்ட ஒரு என்வலப்பையும் வைத்து என் கையில் தந்துவிட்டுப் போனார். பிறகு ஊரெல்லாம் "சொந்தத்துக்குள்ளையே காசு கேக்கிறான்" என்ற கதை. மாதக்கணக்காய் ஒருத்தரும் வரவில்லை, ஒபீஸ் வாடகைக்கே திண்டாடினான். இது சரிவராது, மாமாவிடமே திரும்பிப் போ என்று நான் அழுதேன். அவன் கோபப்படவில்லை. "ஆக்கள் பிழையா விளங்கினா இன்னும் விளக்கமாச் சொல்லோணும் அம்மா, சொல்லாமல் விடேலாது" என்றான். என்வலப்பைத் திருப்பிக் கொடுத்து, இவ்வளவு கடன் தாங்க மாட்டீர்கள் என்று கமலநாதனுக்குக் குறைத்தே எடுத்துக் கொடுத்தான். எனக்கு அவனை நினைத்துப் பெருமையாய் இருக்கிறது பிள்ளை, அவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன மாதம் அந்த விதிகள் சங்கத்தில் நிறைவேறின. மாமா கடைசிவரை எதிர்த்தார். நீங்களும் அங்கே வீடு பார்ப்பதாய்ச் சொன்னாய், புரோக்கருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று அவரிடமே வெட்கப்படாமல் கேள், மழுப்பினால் எழும்பி வா.

இன்னொன்று சொல்ல வேண்டும். மாமாவின் மகன் மிதுலன் வீடு வாங்கப் போகிறான். நேற்று அண்ணாவின் ஒபீசுக்கு வந்து, "அப்பாதான் அனுப்பினவர், தன்னட்டை வேண்டாமாம், யதுசன் ஒண்டையும் ஒளிக்கான் எண்டவர்" என்றானாம். நான் குசினி அடுப்படியில் நின்று அழுதுவிட்டு, அண்ணைக்குப் போன் எடுத்து இன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். "ஓம், வாறன்" என்றார்.

முருகன் உங்கள் மூவருக்கும் துணை நிற்கட்டும். அண்ணாவுக்கு ஒரு போன் எடு, மறந்துவிடாதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா செல்வமலர்