பிரம்பால் வாங்கிய பெயர்

காஜா பெராங், மலாக்கா.
18.5.1958

மைத்துனர் கலியாணசுந்தரம் அவர்களுக்கு,

நல்லையா எழுதுகிறேன். சிரம்பானில் நீங்களும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கை ருக்மணி நலமாக இல்லை. அவளுக்காக இல்லாவிட்டால் நான் உங்களுக்கு எழுதுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

மெர்டேகா சுதந்திர தின விடுமுறையில் நீங்கள் வந்ததை நான் மறக்கவில்லை. ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பூசாரியை என் வீட்டுக்குள் கூட்டிவந்தீர்கள். "வாத்தியாருக்கு இங்கிலீசு தெரியும், பேயைப் பத்தி என்ன தெரியும்?" என்று தெருவில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சிரித்தீர்கள். "யாரடி நீ? பேரைச் சொல்லு" என்று அவர் ருக்மணியைப் பிரம்பால் அடித்தார். அடி பொறுக்காமல் அவள் பூங்காவனம் என்றாள். ஜப்பான்காரன் காலத்தில் செத்துப்போன உங்கள் சின்னத் தங்கையின் பெயர். உடனே அவள் முடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியடித்துவிட்டு, பேய் போயிற்று என்று நீங்களும் காரில் ஏறிப் போனீர்கள்.

எதுவும் போகவில்லை. முன்பெல்லாம் எப்போதாவது தன்னை மறந்து வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அந்த அடிக்குப் பிறகு பாதி நாள் பூங்காவனமாகவே இருக்கிறாள். குரலும் நடையும் சின்னப் பிள்ளையுடையவை. என்னைப் பார்த்து, "மாமா, நீங்க யாரு?" என்கிறாள். பிறகு சுயநினைவு திரும்பினால் அடுப்பில் கருகிய சோற்றைப் பார்த்து அழுகிறாள். இடையில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரிவதில்லை.

தெங்கேராவில் டாக்டர் தாவூத் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிறார். இது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை என்றார். தாங்க முடியாதது நடக்கும்போது பிள்ளையின் மனம் அதைத் தன்னிடமிருந்து பிரித்து ஒதுக்கி வைத்துவிடுமாம். ஒதுக்கியது அழியாது, பயம் வந்தால் அது எழுந்து வருமாம். "பேர் கேட்டு அடிச்சீங்க, அதுவும் ஒரு பேரை எடுத்துக்கிட்டுது" என்றார். அடிக்கச் சொன்னது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? மாத்திரை தூக்கத்துக்கு மட்டும்தான். யாராக வந்தாலும் விரட்டாதீர்கள், சொல்வதைக் கேளுங்கள், இங்கே பயமில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள் என்றார்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன். ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்கத் தோட்டத்துக்கு லாரி வந்த அன்று நீங்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடினீர்கள். அதற்கு முன், காய்ச்சலில் கிடந்த பூங்காவனத்தை ருக்மணியிடம் விட்டு, "நான் வந்து கூப்பிடுற வரைக்கும் கதவைத் திறக்காதே, சத்தம் போடாதே" என்றீர்கள். சின்னவள் உள்ளேயே செத்தாள். பெரியவள் சத்தம் போடவில்லை. கடைசியில் கதவை உடைத்தவர்கள் அடுத்த லயத்துக்காரர்கள்.

ஓடாவிட்டால் நீங்களும் தண்டவாளத்தில் செத்திருப்பீர்கள். அது எனக்குப் புரிகிறது. எல்லாம் தெரிந்திருந்தும் வாயைத் திறக்காமல், அவளைப் பேய் பிடித்தவள் ஆக்கினீர்களே, அதுதான் புரியவில்லை.

இப்போது அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு வாயைப் பொத்தி உட்கார்ந்துவிடுகிறாள். ஜன்னலில் வைக்கும் கஞ்சியைச் சரியாகத் தொடுவதில்லை. "அண்ணன் இன்னும் வரலை" என்பது ஒன்றுதான் பதில். எலும்பும் தோலுமாகிவிட்டாள். இப்படியே போனால் ஜொகூர் மனநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார் டாக்டர். அங்கே போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

வாருங்கள். பூசாரி வேண்டாம், பழம் பூ எதுவும் வேண்டாம். கதவருகே நின்று, ருக்மணி என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்துவிட்டேன், லாரி போய்விட்டது என்று சொல்லுங்கள். சின்னவள் செத்தது அவள் குற்றமில்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். டாக்டரும் பக்கத்தில் இருப்பார். ஒரே நாளில் குணமாகும் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் இதை நான் சொல்லிப் பயனில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்கிறார். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் வந்து போங்கள். ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் பிள்ளைகள் நீடூழி வாழட்டும். அவர்கள் கூப்பிடுகிற நாளில் கூப்பிட்டவுடன் யாராவது வரட்டும்.

இப்படிக்கு,
ச. நல்லையா